சாயப்பட்டறை முதலாளியாக ஏஐ

நேர்மையான தலைமையைப் பாடமாக நடத்துவதைவிட, சிக்கலுக்குள் ஆளை இறக்கிவிடுவதே பலன் தரும். நொய்யல் ஆற்றில் சாயக்கழிவு கலந்த வழக்கில் 2011-ல் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. கொங்கு மாணவர்களுக்கு இதைவிட நெருக்கமான களம் ஏது?

மாணவரை மேலாளராக்கி, ஏஐ உரையாடல் செயலியான சாட்ஜிபிடியிடம் இப்படி எழுதுங்கள்: 'நீ பட்டறை முதலாளி, நான் மேலாளர். நாளை சரக்கு போயாக வேண்டும். சுத்திகரிப்பு நிலையம் பழுது. ராத்திரி கழிவைத் திறந்துவிடச் சொல்லி வற்புறுத்து. மூன்று முறை மறுத்தாலும் விடாதே.'

அந்தக் கடைசி வரி முக்கியம். இல்லாவிட்டால், 'நீங்க சொல்றது சரிதாங்க' என்று சீக்கிரமே பணிந்துவிடும். எதிராளிக்குப் பிடித்தபடி பேசவே அது பழகியிருக்கிறது. சட்டப்பிரிவு எண்களைக் கற்பனையாகவும் அடுக்கும். நீர் மாசைத் தடுக்கும் 1974 நீர்ச் சட்டத்தின் வரிகளை நீங்களே எடுத்துக் கொடுங்கள்.

மாணவர் உறுதியாக நின்றாரா என்ற தீர்ப்பை மட்டும் அதனிடம் கேட்காதீர்கள். உரையாடலை அச்செடுத்து, எங்கே மனம் தளர்ந்தது என்று மாணவரே கோடிடட்டும்.