அட்வான்ஸ் கொடுத்த பிறகு விற்பவர் மறுத்தால்: வழக்குக்கு முன்பே செய்ய வேண்டியவை

பத்து சென்ட் நிலத்துக்கு விலை பேசி, அட்வான்ஸ் கொடுத்து, பதினோரு மாதத்துக்குள் கிரையம் என்று அக்ரிமெண்டும் போட்டாகிவிட்டது. பக்கத்தில் ரோடு வருகிறது என்று பேச்சு கிளம்பி விலை ஏறியதும் விற்பவர் போனை எடுப்பதில்லை. நம் குமரி மாவட்டத்தில் கல்குளமானாலும் விளவங்கோடானாலும், வாங்க வந்தவர் இந்தக் கட்டத்தில் செய்வது ஒன்றுதான்: காத்திருப்பது. "தெரிந்த ஆள்தானே, வளைகுடாவிலிருந்து தம்பி வந்ததும் முடித்துத் தருவதாகச் சொன்னாரே" என்று மாதங்கள் ஓடிவிடும். வழக்கு பெரும்பாலும் தோற்பது அந்த மாதங்களில்தான்.

கிரையம் எழுதித் தரும்படி போடும் வழக்குக்கு ஏற்றதை ஆற்றக் கோரும் வழக்கு என்று பெயர். 1963-ஆம் ஆண்டு ஸ்பெசிபிக் ரிலீப் சட்டம் 2018-இல் திருத்தப்பட்டு, அந்த ஆண்டு அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. இந்தப் பரிகாரத்தைத் தருவதா வேண்டாமா என்று நீதிபதிக்கு முன்பு இருந்த விருப்புரிமையை அந்தத் திருத்தம் வெகுவாகக் குறைத்துவிட்டது. ஆனால் பிரிவு 16(சி) அப்படியே நிற்கிறது. வாங்குபவர் தன் பங்கை முடிக்க ஆரம்பத்திலிருந்து கடைசிவரை தயாராகவும் விருப்பமாகவும் இருந்தார் என்பதை நிரூபித்தே தீர வேண்டும். தயார் என்பது பண வசதி. விருப்பம் என்பது நடந்துகொண்ட விதம். இரண்டில் ஒன்று குறைந்தாலும், விற்பவர் எவ்வளவு அநியாயம் செய்திருந்தாலும் கிரையம் கிடைக்காது.

மீதிப் பணத்தைக் கட்டாகக் கட்டி வைத்திருக்க வேண்டும் என்றோ, நீதிமன்றம் உத்தரவிடும் முன் டெபாசிட் செய்ய வேண்டும் என்றோ சட்டம் சொல்லவில்லை. புரட்ட முடியும் என்பதைக் காட்டினால் போதும். வங்கிப் பாஸ்புக், கடன் அனுமதிக் கடிதம், நகைக்கடன் ரசீது, வேறு நிலம் விற்ற பத்திரம் எல்லாம் இதற்கு உதவும். விருப்பத்தைக் காட்டுவது வக்கீல் நோட்டீஸ். அக்ரிமெண்டில் குறித்த தேதிக்கு முன்பே அதை அனுப்புங்கள். மீதித் தொகை தயாராக இருக்கிறது, இன்ன தேதியில் இன்ன சார்பதிவாளர் அலுவலகத்தில் காத்திருப்போம் என்று அதில் எழுத வேண்டும். எழுதினால் மட்டும் போதாது, அன்று வரைவுப் பத்திரத்தோடும் டிமாண்ட் டிராப்டோடும் அங்கே போய் நிற்கவும் வேண்டும். தேதி கடந்து ஒன்றரை வருடம் பேசாமல் இருந்துவிட்டு, விலை இரட்டிப்பான பிறகு முதல் நோட்டீஸ் அனுப்பினால், எதிர்த்தரப்பு வக்கீலின் குறுக்கு விசாரணை அந்த இடைவெளியில்தான் தொடங்கும்.

வழக்குப் போடக் காலவரையறை மூன்று ஆண்டுகள். அக்ரிமெண்டில் தேதி குறித்திருந்தால் அந்தத் தேதியிலிருந்தும், குறிக்காவிட்டால் விற்பவர் மறுத்தது தெரிந்த நாளிலிருந்தும் எண்ண வேண்டும். "இன்னும் ஆறு மாதம் பொறுங்கள்" என்ற வாய்ப்பேச்சை நம்பிக் கணக்கைத் தள்ளிப்போடாதீர்கள். நீட்டிப்பு எழுத்தில் இருக்க வேண்டும், இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும். முதல் அக்ரிமெண்ட் பதிவு செய்யப்பட்டிருந்தால் நீட்டிப்பையும் பதிவு செய்துவிடுங்கள். காவல் நிலையத்துக்கு நடப்பதிலும் காலம் கரையும். ஆரம்பத்திலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்ததாகக் காட்ட முடியாவிட்டால், சொன்னபடி செய்யாதது உரிமையியல் தகராறுதான். புகார் மனு நிலுவையில் இருக்கிறது என்பதற்காக இந்த மூன்றாண்டு நிற்காது.

பதிவு பற்றியும் குழப்பம் நிறைய. தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் விற்பனை அக்ரிமெண்டைப் பதிவு செய்வது கட்டாயம். அதனால் பதிவாகாத அக்ரிமெண்ட் வெறும் காகிதம் என்று பலர் கைவிட்டுவிடுகிறார்கள். அது சரியல்ல. ஏற்றதை ஆற்றக் கோரும் வழக்கில் அதைச் சாட்சியமாக ஏற்கலாம் என்று ஹேமலதா எதிர் கஸ்தூரி வழக்கில் 2023-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. அதற்காகப் பதிவைத் தவிர்க்கலாம் என்று ஆகாது. பதிவானால்தான் வில்லங்கச் சான்றில் தெரியும். பிறகு அதே நிலத்தை வாங்குகிறவர் "எனக்குத் தெரியாது" என்று தப்ப முடியாது. பதிவில்லாமல் நிலத்தைக் கையில் வாங்கி வேலி கட்டியவருக்கு, கையிலிருக்கும் நிலத்தை விற்பவர் திரும்பப் பறிக்காதபடி சொத்து மாற்றுச் சட்டம் பிரிவு 53ஏ தரும் பாதுகாப்பும் இல்லை.

நம் மாவட்டத்தில் கூடுதலாகக் கவனிக்க வேண்டியது கையெழுத்து. கூட்டுப் பட்டாவில் நாலு பேர் இருக்க, ஊரில் இருக்கும் மூத்தவர் மட்டும் கையெழுத்திட்டால், அது அவர் பங்கைத்தான் கட்டும். வெளிநாட்டில் இருப்பவர் தன் சார்பில் கையெழுத்திட இன்னொருவருக்குப் பவர் கொடுத்திருந்தால், அந்த நாட்டு இந்தியத் தூதரகத்தில் சான்று பெற்றதா, இந்தியா வந்து மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டப்பட்டதா என்று பாருங்கள். பவர் கொடுத்தவர் உயிருடன் இருக்கிறாரா என்பதையும் கேட்டே ஆக வேண்டும். அவர் இறந்தால் சாதாரணப் பவர் அத்தோடு முடிந்தது.

வழக்குரையில் கிரையம் மட்டும் கேட்டால் போதாது. சுவாதீனமும், அதாவது நிலத்தைக் கையில் ஒப்படைப்பதும், கேளுங்கள். கிரையம் கிடைக்காவிட்டால் அட்வான்ஸை வட்டியோடு திருப்பித் தரும்படி மாற்றுப் பரிகாரமும் கேளுங்கள். ஸ்பெசிபிக் ரிலீப் சட்டம் பிரிவு 22-இன்படி, கேட்காத பணத்தை நீதிமன்றம் தானாகத் தராது. விட்டுப்போயிருந்தால் வழக்கின் எந்தக் கட்டத்திலும் திருத்தம் கேட்கலாம். வேறு ஆளுக்கு விற்காதபடி உறுத்துக் கட்டளை மனுவையும் சேர்த்தே தாக்கல் செய்யுங்கள். விற்பவர் சென்னையில் இருந்தாலும் துபாயில் இருந்தாலும் வழக்கு நிலம் இருக்கும் எல்லையில்தான். நீதிமன்றக் கட்டணம் மீதித் தொகைக்கு அல்ல, முழுக் கிரையத் தொகைக்கு 3 சதவீதம். 20 லட்சத்துக்கு 60,000 ரூபாய். லோக் அதாலத்தில் சமரசமானால் அந்தக் கட்டணம் திரும்பக் கிடைக்கும், அங்கே வரும் தீர்ப்புக்கு மேல்முறையீடு கிடையாது.

விலகியது வாங்குபவர் என்றால், அட்வான்ஸ் முழுதும் விற்பவருக்கா? அக்ரிமெண்டில் அப்படித்தான் அச்சடித்திருப்பார்கள். ஆனால் ஒப்பந்தச் சட்டம் பிரிவு 74-இல், எழுதிய தொகை உச்சவரம்பு மட்டுமே. பதே சந்த் வழக்கில் 1963-இல் உச்ச நீதிமன்றம், 1,12,500 ரூபாய் பேரத்தில் உறுதிப்பணமாக, அதாவது பேரத்தை உறுதிசெய்ய, கொடுத்த 1,000 ரூபாயை விற்பவர் வைத்துக்கொள்ள விட்டது, பின்னர் கொடுத்த 24,000-ஐப் பறிமுதல் செய்ய விடவில்லை. ஆகவே எது உறுதிப்பணம், எது விலையின் ஒரு பகுதி என்று அக்ரிமெண்டிலேயே பிரித்து எழுதுங்கள்.

நிலம் அல்லாத பேரங்களில் பெரும்பாலும் கிடைப்பது நஷ்ட ஈடு. ஓணத்துக்கு முன் இரண்டு டன் ஏத்தன் வாழைக்குலை கிலோ 45 ரூபாய்க்கு என்று பேசிய வியாபாரி வரவில்லை என்று வையுங்கள். பழுத்து அழுகவிட்டு முழு விலையைக் கேட்க முடியாது. உடனே கிடைத்த விலைக்கு, 32 ரூபாய் என்றாலும் விற்றாக வேண்டும். வித்தியாசம் 13 வீதம் 26,000 ரூபாய், அதோடு கூடுதல் வண்டி வாடகை. இவ்வளவுதான் ஒப்பந்தச் சட்டம் பிரிவு 73 தரும். சந்தைச் சீட்டும் எடைச் சீட்டும் இல்லாவிட்டால் அதுவும் கைக்கு வராது. வாட்ஸ்அப் பேச்சைச் சாட்சியமாக்க, 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய சாக்‌ஷிய சட்டம் பிரிவு 63-இன் சான்றிதழ் வேண்டும். போனை மாற்றினாலும் பழையதைத் தூக்கிப்போடாதீர்கள்.

வீட்டு வேலையைப் பாதியில் விட்டுப்போன கான்ட்ராக்டர் விஷயத்தில் ஸ்பெசிபிக் ரிலீப் சட்டத்தின் 2018 திருத்தம் நல்ல வழி திறந்திருக்கிறது. எழுத்தில் குறைந்தது 30 நாள் நோட்டீஸ் கொடுத்துவிட்டு, வேறு ஆளை வைத்து முடித்து, அந்தச் செலவைப் பழையவரிடம் வசூலிக்கலாம். நோட்டீஸ் கொடுக்காமல் முடித்தால் இந்தத் திருத்தத்தின்படி செலவு கேட்க முடியாது. புது ஆள் கை வைக்கும் முன், பொறியாளரைக் கொண்டு முடிந்த வேலையை அளந்து மதிப்பிட்டு, தேதியோடு படம் எடுத்துவிடுங்கள். சிமெண்ட் பூசிவிட்டால் உள்ளே கம்பி எத்தனை என்று பிறகு நீதிமன்றம் பார்வையிட அனுப்பும் வக்கீல் கமிஷனரால் சொல்ல முடியாது. நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். அங்கே வரம்பு இரண்டு ஆண்டுகள், கொடுத்த தொகை 5 லட்சம் வரை கட்டணம் இல்லை.

மறுபடி நிலத்துக்கு வந்தால், தீர்ப்புக் கிடைத்த பிறகும் ஒரு தேதி காத்திருக்கிறது. மீதித் தொகையைக் கட்ட நீதிமன்றம் கெடு வைக்கும். அதைத் தவறவிட்டால் ஸ்பெசிபிக் ரிலீப் சட்டம் பிரிவு 28-இன் கீழ் ஒப்பந்தத்தையே ரத்து செய்யும்படி விற்பவர் மனுப் போடலாம். கெடுவுக்குள் கட்டிவிட்டு நிறைவேற்று மனு தாக்கல் செய்தால், விற்பவர் கையெழுத்துப் போட மறுத்தாலும் அவர் சார்பில் நீதிமன்றமே பத்திரம் எழுதிப் பதிவு செய்து கொடுக்கும்.