பழைய லண்டன் வீட்டுப் புகைபோக்கி: சிமெண்டைத் தள்ளி வையுங்கள்

மாடிப் படுக்கையறையில், முன்பு கணப்பு இருந்த சுவரில், தேநீர்க் கறைபோல் ஒரு பழுப்பு வட்டம். பெயிண்ட் அடித்தால் கோடை முழுக்க மறைந்திருக்கும். அக்டோபர் ஈரம் இறங்கியதும் அதே இடத்தில் திரும்ப வரும். ஈஸ்ட்ஹாம், டூட்டிங், வால்தம்ஸ்டோ என்று நம்மவர்கள் வீடு வாங்கியிருக்கும் பகுதிகளில் தெருத்தெருவாக நிற்பவை 1919க்கு முன் கட்டிய வரிசை வீடுகள். அவற்றில் இந்தக் கறையைப் பார்க்காதவர்கள் குறைவு. கறை சுவரில் தெரிந்தாலும் நோய் பெரும்பாலும் கூரைக்கு மேலே இருக்கிறது.

வீட்டின் மற்றச் சுவர்களுக்கு ஒரு பக்கம்தான் மழை. புகைபோக்கித் தூணுக்கு நாலு பக்கமும் மழை, தலையிலும் மழை. குளிர்காலத்தில் நனைந்த செங்கல் இரவில் உறைந்து பகலில் இளகுகிறது. உள்ளே நூறு வருட நிலக்கரிப் புகையின் கரி, அதில் கந்தகம். இத்தனையையும் தாங்க வெளிச்சுவரின் கனம் பெரும்பாலும் அரைச் செங்கல், அதாவது நாலரை அங்குலம். ஒவ்வொரு அறைக்கும் தனிப் புகைக்குழல் என்பதால் தூணுக்குள்ளே அரைச் செங்கல் தடுப்புகளும் உண்டு.

தாங்குகிறது என்றால் அதற்குக் காரணம் சுண்ணாம்புக் காரை. நனைந்தால் நீரை வாங்கும், காற்றடித்தால் விடும். செங்கல்லைவிட மென்மையானது என்பதால் தேய்மானத்தைத் தானே ஏற்றுக்கொள்ளும். ஐம்பது அறுபது வருடத்துக்கு ஒருமுறை அதைச் சுரண்டிப் புதிதாக வைத்தால் செங்கல் அப்படியே இருக்கும். இந்த ஏற்பாட்டைக் கெடுப்பதுதான் சிமெண்ட் பாயிண்டிங், அதாவது செங்கல்களுக்கு இடையிலுள்ள சந்துகளைச் சிமெண்டால் நிரப்புவது. சிமெண்ட் சந்து நீரை விடாது, எனவே ஈரம் செங்கல் வழியாகத்தான் வெளியேற வேண்டும். உப்பும் உறைபனியும் செங்கல் முகத்திலேயே வேலை செய்யும். சில வருடம் கழித்து அருகே போய்ப் பாருங்கள்: செங்கல்லின் முகம் பொருக்குப் பொருக்காக உதிர்ந்து அரை அங்குலம் உள்ளே போயிருக்கும். சுற்றிலும் சாம்பல் நிறச் சிமெண்ட் மட்டும் படச்சட்டம்போல் துருத்திக்கொண்டு நிற்கும். விரலை வைத்தால் செங்கல் தூள் ஒட்டும். செங்கல் கெட்டது என்பார்கள். கெடுத்தது சந்து.

உங்கள் தூணில் இருப்பது எது என்று அறிய ஒரு ஆணி போதும். சுண்ணாம்பு ஆணிக்குச் சுரண்டிக்கொண்டு வரும், மங்கிய வெள்ளையாக, நடுநடுவே கரையாத சுண்ணாம்புக் கட்டிகளோடு. சிமெண்ட் கீறல்கூட விழாமல் சாம்பல் நிறத்தில் நிற்கும்.

ஆனால் ஏணி வைக்கும் முன் பார்க்க வேண்டியவை உண்டு. எதிர்ப்புற நடைபாதையில் நின்று பைனாகுலரில் பாருங்கள். தூண் சாய்ந்திருக்கிறதா, படுக்கைச் சந்துகளில் வரிசையாகக் கிடைமட்ட விரிசல் ஓடுகிறதா என்பது முதல் கேள்வி. நிலக்கரியின் சல்பேட் ஈரத்தில் கரைந்து சிமெண்ட்டோடு சேரும்போது காரை ஊதுகிறது. அதிகம் நனையும் பக்கம் அதிகம் ஊதும், அதனால் தூண் எதிர்ப்பக்கம் சாயும். கண்ணுக்கே தெரியும் சாய்வு என்றால் பாயிண்டிங் பேச்சுக்கு இடமில்லை. கட்டமைப்புப் பொறியாளரை அழையுங்கள், பெரும்பாலும் பிரித்துக் கட்டத்தான் வேண்டும். பிரித்துக் கட்டும்போது இங்கிலாந்துக் கட்டட விதிகளின் ‘ஏ’ ஆவணம் சொல்லும் அளவு, கூரைக்கு மேலான உயரம் தூணின் குறுகிய அகலத்தைப்போல் 4.5 மடங்கைத் தாண்டக் கூடாது என்பது.

அடுத்தது லாஃப்ட், அதாவது கூரைக்கு அடியிலுள்ள இடம். டார்ச் எடுத்துக்கொண்டு ஏறி, தூண் கீழே தொடர்கிறதா என்று பாருங்கள். முந்தைய உரிமையாளர் அறையைப் பெரிதாக்கக் கீழ்ப்புகைபோக்கிச் சுவரை இடித்துவிட்டு, மேலே டன் கணக்கான செங்கல்லை ஏதோ இரண்டு மரக்கட்டை மேல் நிறுத்தியிருப்பது அரிதான விஷயமில்லை. அப்படி இருந்தால் மேலே எந்த வேலையும் தொடங்காதீர்கள். முதலில் கீழே தாங்கல், அதற்குக் கட்டட கட்டுப்பாட்டு அனுமதி.

கறை எதனால் என்று பிரித்தறியவும் ஒரு வழி இருக்கிறது. காற்றோடு அடித்த மழைக்குப் பின் ஓரிரு நாளில் கருத்தால், மேலிருந்து நீர் இறங்குகிறது. மழையே இல்லாத புழுக்கமான நாளில் ஈரமானால், அது உப்பு. புகைக்கரியின் உப்புகள் பிளாஸ்டரில் ஊறிக் காற்றின் ஈரத்தையே உறிஞ்சுகின்றன. அப்போது கூரையை எவ்வளவு சரிசெய்தாலும் கறை போகாது. அந்த ஜிப்சம் பூச்சை உரித்துச் சுண்ணாம்புப் பூச்சு போட வேண்டும். பல வீடுகளில் இரண்டுமே இருக்கும். கூரையை முதலில் முடித்து, சுவரைக் காயவிட்டு, பிறகு உரியுங்கள்.

வேலைக்கு முன் புகைக்குழல்களைச் சுத்தம் செய்யுங்கள். ஜாக்டா காக்கைகள் கிளைகிளையாகக் கொண்டுவந்து போட்டுக் குழலையே அடைத்திருக்கும். ஆனால் குஞ்சு பொரிக்கும் காலத்தில் கூட்டைத் தொட 1981 வனவுயிர்ச் சட்டம் விடாது, வௌவால் தங்கியிருந்தாலும் அப்படியே. சாரம் கட்டும் ஆட்கள் சாரத்தைப் புகைபோக்கியிலேயே கட்டி நிறுத்தப் பார்த்தால் தடுங்கள். பலவீனமான தூண் அந்த இழுப்பில் விழும்.

பாயிண்டிங் மேலிருந்து கீழாக நடக்கட்டும். பழைய காரையைச் சந்தின் அகலத்தைப்போல் இரண்டு மடங்கு ஆழம், குறைந்தது 25 மி.மீ., உள்முனை சதுரமாக இருக்கும்படி சுரண்ட வேண்டும். மேலோட்டமாக 5 மி.மீ. சுரண்டி அப்பினால் இரண்டு குளிர்காலத்தில் தகடுதகடாகக் கழன்று விழும். கருவி, சந்துக்குப் பொருந்தும் ஒல்லி உளியும் சுத்தியலும். கிரைண்டர் வேண்டாம்: செங்குத்துச் சந்துகளில் அது மேலும் கீழும் உள்ள செங்கல்லை வெட்டிவிடும், அந்தத் தழும்பு நிரந்தரம். சிமெண்ட் அசையவே இல்லையென்றால் படுக்கைச் சந்தின் நடுவில் மட்டும் மெல்லிய பிளேடால் ஒரு கோடு போட்டு, இருபுறத்தையும் உளியால் உடையுங்கள். பிறகு தூசியைப் பிரஷால் தட்டி, மேலிருந்து நீர் ஊற்றிக் கழுவுங்கள். முந்தைய மாலையும் வேலைக்கு அரைமணி முன்பும் நனையுங்கள். செங்கல் ஈரமாக இருக்க வேண்டும், சந்தில் நீர் தேங்கக் கூடாது. காய்ந்த செங்கல் காரையின் நீரை ஒரே மூச்சில் குடித்துவிடும், காரை கெட்டிப்படாமல் மணலாகவே உதிரும்.

கலவைக்கு என்.எச்.எல். 3.5 சுண்ணாம்பு (நீரோடு சேர்ந்து தானே இறுகும் இயற்கைச் சுண்ணாம்பு) 1 பங்கு, கூர்மணல் (‘ஷார்ப் சாண்ட்’) 2 முதல் 2.5 பங்கு. மென்மையான ‘பில்டிங் சாண்ட்’ வேண்டாம், சுருங்கி விரிசல் விடும். கடையில் மலிவாகக் கிடைக்கும் ‘ஹைட்ரேட்டட் லைம்’ மூட்டை வேறு சரக்கு. அது சிமெண்ட் கலவையை நெகிழ்த்தச் சேர்க்கும் தூள், இந்த இடத்தில் அதை மட்டுமே பயன்படுத்தி ஏமாந்த வேலைகள் நிறைய. அளவை வாளியால் எடுங்கள். மண்வாரிக் கணக்கில் ஈரமணல் ஏமாற்றும். கலவை இருபது நிமிடமாவது சுழல வேண்டும். உள்ளங்கையில் உருட்டினால் உருண்டை நிற்க வேண்டும், நீர் கசியக் கூடாது. சுண்ணாம்பு கண்ணையும் தோலையும் சுடும், கண்ணாடியும் கையுறையும் கட்டாயம்.

எவ்வளவு வாங்குவது? 10 மி.மீ. சந்து, 25 மி.மீ. ஆழம் என்றால் ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 6 லிட்டர் காரை பிடிக்கும், சிந்தல் உட்பட. கூரைக்கு மேல் ஒன்றரை மீட்டர் உயரம், 1.4 மீட்டருக்கு 0.7 மீட்டர் அகலம் கொண்ட தூண் நாலு பக்கமும் சேர்ந்து 6.3 சதுர மீட்டர். 25 கிலோ சுண்ணாம்பு ஒரு மூட்டையும் மணல் அதேபோல் மூன்று மூட்டையும் போதும். பொருள் செலவைவிடச் சாரத்தின் செலவுதான் பெரிது, எனவே சாரம் நிற்கும்போதே எல்லாத் தலைவேலையையும் முடித்துவிடுங்கள்.

சந்தைவிட ஒல்லியான கரணையால் உள்ளே அழுத்தி நிரப்புங்கள். ஆழம் அதிகமென்றால் இரண்டு தடவையாக. செங்கல் முகத்தில் பூசி மெழுக வேண்டாம். கட்டைவிரலால் அழுத்தினால் குழி விழாத அளவு இறுகியதும் விறைப்பான பிரஷால் தட்டுங்கள். முகம் செங்கல்லோடு சமமாகவோ சற்று உள்வாங்கியோ இருக்கட்டும். பிறகு ஈரச் சாக்கு. குறைந்தது ஒரு வாரம் சாக்கு காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வெயிலும் காற்றும் ஒரே நாளில் வறட்டினால் வேலை வீண், உறைபனி பட்டாலும் வீண். 5 டிகிரிக்குக் கீழே இறங்கக்கூடிய நாளில் தொடங்க வேண்டாம். மே முதல் செப்டம்பர் வரை நல்ல காலம். ஜனவரியில் வந்து ‘ஆன்டிஃப்ரீஸ் சேர்த்துச் செய்து தருகிறேன்’ என்பவரை அனுப்பிவிடுங்கள்.

முகம் உதிர்ந்த செங்கல்லை ஒன்றொன்றாக உடைத்தெடுங்கள். மறுபக்கம் நன்றாக இருந்தால் திருப்பி வைக்கலாம், நிறம் பொருந்திவிடும். பழைய செங்கல் வாங்கினால் அது எங்கிருந்தது என்று கேளுங்கள். உட்சுவரில் இருந்த அரைவேக்காட்டுச் செங்கல் வெயில் மழைக்குத் தாங்காது. ஒன்றோடொன்று மோதினால் கணீரென்று ஒலிப்பதாகப் பாருங்கள். புதியதென்றால் உறைபனி தாங்கும் ‘எஃப்2’ தரம் கேளுங்கள், பழைய அங்குல அளவிலேயே. இப்போதைய 65 மி.மீ. செங்கல் வரிசைக்கு வரிசை பின்தங்கும்.

இனி தலை. சுடுமண் குழாய்களைப் பிடித்துச் சுற்றிலும் சரிவாக வைத்திருக்கும் காரைக்கு இங்கே ‘ஃப்ளான்ச்சிங்’ என்று பெயர். கொட்டித் தொலைந்தது பெரும்பாலும் இதுதான். என்.எச்.எல். 5 சுண்ணாம்பு 1, கூர்மணல் 2 என்று கலந்து, குழாயிலிருந்து ஓரத்துக்கு நீர் ஓடும்படி சரிவாக வையுங்கள். ஓரத்தை ஒன்றுமில்லாமல் மெலிய விடாமல் 25 மி.மீ. தடிப்பு வையுங்கள், மெலிந்த ஓரம்தான் முதலில் உடைகிறது. குழாயைச் சட்டி வாங்கும்போது தட்டிப் பார்ப்பதுபோல் விரல்முட்டியால் தட்டுங்கள். மொத்தென்று கேட்டால் கீறல். பழைய காரையை உடைத்தெடுக்கும்போது குழாயை இருவர் பிடித்துக்கொள்ளுங்கள்.

நீர் கசியும் அடுத்த வாசல், தூணும் கூரையின் ஸ்லேட் ஓடுகளும் சேரும் இடம். அங்கே ஈயத் தகடு வேண்டும். பல வீடுகளில் அதற்குப் பதிலாகச் சிமெண்ட் அப்பி வைத்திருப்பார்கள். கூரை மரம் அசைய, தூண் அசையாமல் நிற்க, இடையில் விரிசல். பக்கப் படித்தகடுகளுக்கும் முன்தகட்டுக்கும் ‘கோட் 4’ ஈயம், அதாவது 1.8 மி.மீ. தடிப்பு. பின்னால் நீர் தேங்கும் கால்வாய்க்குக் ‘கோட் 5’. தூணில் 150 மி.மீ. ஏற வேண்டும், சந்துக்குள் 25 மி.மீ. நுழைந்து ஈய ஆப்பால் இறுக வேண்டும், ஒரு துண்டு 1.5 மீட்டரைத் தாண்டக் கூடாது. நீளமான ஒரே துண்டு ‘மூட்டே இல்லை’ என்று அழகாகத் தெரியும். வெயிலில் நீண்டு இரவில் சுருங்கி நாலைந்து வருடத்தில் கிழியும். முடித்த அன்றே பேடினேஷன் எண்ணெய் தடவுங்கள், இல்லாவிட்டால் முதல் மழையில் வெள்ளைக் கறை ஸ்லேட்டில் ஓடும். ஈயம் தொட்ட கையோடு சாப்பிடாதீர்கள்.

சிலிக்கோன் ‘நீர்புகாத் திரவம்’, பெயிண்ட், முழுச் சிமெண்ட் பூச்சு மூன்றையும் நான் ஒரே குற்றமாகத்தான் பார்க்கிறேன். மேலே நுழைந்த நீர் வெளியேற வழியில்லாமல் செங்கல்லுக்கும் பூச்சுக்கும் நடுவில் உப்பைக் குவிக்கும்.

பயன்படுத்தாத புகைக்குழலை மேலேயும் கீழேயும் அடைப்பதும் அதே வகைத் தவறு. உள்ளே காற்று நின்று ஈரம் படியும். மேலே மழை விழாத, காற்று நுழையும் மூடி. கீழே அடைத்த கணப்பில் 225க்கு 75 மி.மீ. கிரில். மூடும் முன் எந்தக் குழாய் எந்த அறையினது என்று புகைவிட்டுச் சோதியுங்கள். வரிசை வீட்டுத் தூணில் பாதி பக்கத்து வீட்டுக்காரருடையது. அவர் கணப்பு எரிக்கும் குழலை நீங்கள் அடைத்துவிட்டால் கார்பன் மோனாக்சைடு அவர் படுக்கையறைக்குப் போகும். பொதுத் தூணைப் பிரித்துக் கட்டுவதானால் 1996 பார்ட்டி வால் (பொதுச்சுவர்) சட்டப்படி இரண்டு மாதம் முன்னதாக எழுத்தில் அறிவிப்புக் கொடுக்க வேண்டும்.

மீண்டும் எரிக்கப் போகிறீர்களா? பழைய குழல்களின் உட்பூச்சு சுண்ணாம்பும் மாட்டுச் சாணியும் கலந்தது. நம் ஊரில் தரை மெழுகிய அதே சாணி, இங்கே புகையின் அமிலத்தைத் தாங்கியது. நூறு வருடத்தில் அது உதிர்ந்திருக்கும். கணப்பில் மணல்போல் பொருக்கு விழுவதே அடையாளம். அப்படியானால் உட்குழாய் போடாமல் எரிக்காதீர்கள். விறகு போன்ற திட எரிபொருளுக்கு 904எல் தர ஸ்டீல் குழாய் நெடுநாள் உழைக்கும். பதிவு பெற்றவரே பொருத்தட்டும், அறையில் கார்பன் மோனாக்சைடு அலாரம் இருக்கட்டும்.

சாரத்தை இறக்கும் முன் குழாய்த் தண்ணீரைத் தூணின் பின்பக்க ஈயக் கால்வாயில் பத்து நிமிடம் ஓடவிட்டு, ஒருவர் லாஃப்டில் டார்ச்சோடு நில்லுங்கள். பின்பக்க மரத்தின் மூலையில் ஒரு சொட்டு தெரிந்தாலும் ஆள் மேலே இருக்கும்போதே சொல்லிவிடலாம்.