மழையில் நின்ற கடிகாரமும் ஒன்றரை மில்லிமீட்டர் மெம்ஸும்

போன ஐப்பசி மழையில், தோட்டத்தில் வைத்திருந்த என் மண் ஈரப்பத லாகர்கள் (ஈரத்தை அளந்து நேரத்தோடு குறித்துவைக்கும் கருவிகள்) இரண்டும் ஒரே வாரத்தில் நேரத்தைத் தொலைத்தன. பேட்டரி நன்றாக இருந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்தால் ஓடும், திரும்ப வைத்தால் விடியற்காலையில் நின்றுவிடும். இரண்டு நாள் தேடிய பிறகுதான் நேரத்தைக் காட்ட நொடிக்கு 32,768 தடவை அதிரும் 32.768 கிலோஹெர்ட்ஸ் கிரிஸ்டலின் காலடியில், சோல்டர் செய்தபோது மிஞ்சிய ஃப்ளக்ஸ் பசையின் கறை தெரிந்தது. கிரிஸ்டலை ஆட்டும் மின்னோட்டம் மிகச் சொற்பம். அதன் இரு முனைகளுக்கு நடுவே சில மெகாஓம் கசிவு வந்தாலே ஆட்டம் நின்றுபோகும். பனி குடித்த ஃப்ளக்ஸ் அதைத்தான் செய்திருக்கிறது.

கழுவியதும் சரியானது. ஆனால் அடுத்த போர்டில் கிரிஸ்டலுக்குப் பதில் மெம்ஸ் ஆசிலேட்டர் (நுண்ணிய சிலிக்கான் துண்டை அதிரவைத்து நேரத்துடிப்பு தரும் சிப்) போடுவதென்று அன்றைக்கே முடிவு செய்தேன். அதில் அதிரும் சிலிக்கான் துண்டும் அதை ஆட்டும் சுற்றும் ஒரே சிப்புக்குள் இருக்கின்றன. வெளியே வருவது திடமான சதுர அலை என்பதால் ஈரக் கசிவு அதை அசைக்காது. கிரிஸ்டலுக்குப் பக்கத்தில் வைக்கும் இரண்டு கெப்பாசிட்டர் வேலையும் மிச்சம். (மெம்ஸுக்கு எதிரி ஹீலியம். 2018-ல் இல்லினாய்ஸில் ஒரு மருத்துவமனையில் எம்ஆர்ஐ ஹீலியம் கசிந்து, உள்ளே மெம்ஸ் கடிகாரம் இருந்த ஐபோன்கள் உறைந்துபோயின. அந்த வாயு சிப்பின் வெற்றிட அறைக்குள்ளேயே புகுந்துவிடும். தோட்டத்தில் அந்தக் கவலை இல்லை.)

மெம்ஸ் என்றாலே துல்லியம் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. வெயிலில் என் பெட்டிக்குள் 60 டிகிரி வரும். அந்தச் சூட்டில் சாதாரண கிரிஸ்டல் ஏறத்தாழ 42 பிபிஎம் (பத்து லட்சத்தில் 42 பங்கு) பின்தங்கும், நாளுக்கு 3.6 நொடி. சைடைம் நிறுவனத்தின் மெம்ஸ் ஆசிலேட்டர் எஸ்ஐடி 1532 பார்க்க அழகான சிப்தான். ஆனால் முழு வெப்ப வரம்புக்கும் அது தரும் வாக்குறுதி ±100 பிபிஎம். மோசமான நாளில் 8.6 நொடி போகும்! அதனால் வெப்பத் திருத்தம் செய்த எஸ்ஐடி 1552-க்குப் போனேன். அதில் ±5 பிபிஎம் வகை கிடைக்கிறது. மாதம் போனாலும் பிழை 13 நொடிக்குள்தான்.

வோல்டேஜ் விஷயத்தில் டேட்டாஷீட்டின் (சிப்பின் விவரக் கையேடு) முதல் பக்கத்துப் பெரிய எழுத்தை நம்பக் கூடாது. 1532-க்கு 1.2 வோல்ட் போதும் என்று போட்டிருக்கும். உள்ளே அட்டவணையைப் பார்த்தால் அது -10 முதல் +70 டிகிரி வரைக்கும்தான். -40 முதல் +85 வரை வேண்டுமென்றால் 1.5. எனக்கு 1.5 போதும். சிஆர் 2032 செல் 3 வோல்ட்டில் தொடங்கி 2-க்கு இறங்கும். ஆனால் ரேடியோ அனுப்பும் அந்தக் கணத்தில் செல்லின் உள்தடையால் வோல்டேஜ் இன்னும் சரியும். லாகரை இயக்கும் கண்ட்ரோலர் சிப் மயங்கி எழுந்தாலும் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.

மின்னோட்டக் கணக்கில் இன்னொரு கண்ணி இருக்கிறது. டேட்டாஷீட் சொல்லும் 'ஒரு மைக்ரோ ஆம்பியர்' என்பது வெளியே எதையும் இணைக்காதபோது. 15 பிக்கோஃபாரட் சுமையை 3 வோல்ட்டுக்கு நொடிக்கு 32,768 தடவை ஏற்றி இறக்கினால் அதற்கு மட்டும் 1.5 மைக்ரோ ஆம்பியர். சிப் தின்பதைவிட அதிகம்! அதனால் ஆசிலேட்டரைக் கண்ட்ரோலரின் கடிகாரக் காலுக்கு ஒட்டி வைத்து, தடத்தை 4 மில்லிமீட்டருக்குள் முடித்தேன். அலையின் உயரத்தைக் குறைத்துத் தரும் வகைகளும் உண்டு. அவற்றை வாங்குமுன் கண்ட்ரோலர் அந்தச் சிறிய அலையை ஏற்குமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வெறும் மின்னோட்டத்தை மட்டும் பார்த்தால் கிரிஸ்டல்தான் சிக்கனம். ஆண்டுக்கு ஒரு 10 மில்லிஆம்பியர்-மணி கூடுதலாகப் போகட்டும், 220 இருக்கும் செல்லில் எனக்கு அது சம்மதம்.

1.5க்கு 0.8 மில்லிமீட்டர் சிப்பை இரும்பால் சோல்டர் செய்ய முடியாது. சோல்டர் உருண்டைகள் அடியில் இருக்கின்றன. பேஸ்ட் தடவி, பெரிதாக்கியில் பார்த்து வைத்து, ஹாட் ஏரில் உருக்கினேன். மூன்றாவது முயற்சியில் நேராக உட்கார்ந்தது.

புது போர்டு வைத்து 40 நாள் ஆகிறது. நேற்று மழைக்கு நடுவே போய்ப் பார்த்தேன். ஜிபிஎஸ் நேரத்தோடு ஒப்பிட்டால் 7 நொடி வித்தியாசம். மூடியின் உட்புறமெல்லாம் நீர்த்துளி.