ஐநூறு யூனிட் கோடு

எங்கள் வீட்டில் சுற்றுச்சூழல் என்று பேச்செடுத்தால் ஆளுக்கொரு பக்கம் எழுந்து போய்விடுவார்கள். கரன்ட் பில் என்று ஆரம்பித்தால் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டுக் கேட்பார்கள். அதனால் நான் இரண்டாவதை மட்டும்தான் பேசுவது.

நம் தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு பில். முதல் 100 யூனிட் இலவசம் என்பது எல்லோருக்கும் தெரியும். 500-ல் என்ன நடக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. 2022 செப்டம்பரில் வந்த கட்டணத்தை வைத்துச் சொல்கிறேன். சரியாக 500 யூனிட் ஓடினால் 1725 ரூபாய். 510 ஓடினால் 2030 ரூபாய். கூடுதலாக ஓடிய பத்து யூனிட்டுக்கு 305 ரூபாய்! 500-ஐத் தாண்டிவிட்டால் அந்தப் பத்து யூனிட்டுக்கு எட்டு ரூபாய் வீதம் போடுவதோடு நிற்காது. 101-லிருந்து 200 வரை 2.25 ரூபாயாக இருந்ததும் 4.50 ஆகிவிடும். ஏற்கெனவே மலிவாக ஓட்டியதையும் சேர்த்துப் பிடுங்கிக்கொள்கிறார்கள். 2024-ல் கட்டணம் இன்னும் கொஞ்சம் ஏறியது. இந்தக் கோடு மட்டும் அதே இடத்தில் நிற்கிறது.

ஆகவே எங்கள் வீட்டுச் சிக்கனத்துக்கு ஒரே குறிக்கோள்தான்: 500-க்குள் நிற்பது. அதற்கு உதவாத சிக்கனமெல்லாம் எனக்கு இரண்டாம் பட்சம்.

எது எவ்வளவு தின்கிறது என்று தெரிய மீட்டரே போதும். எங்களுடையது சிங்கிள் ஃபேஸ். முகப்பில் 3200 என்று ஓர் எண்ணும் பக்கத்தில் ஒரு சிவப்பு விளக்கும் இருக்கும். அந்த விளக்கு 3200 தடவை மின்னினால் ஒரு யூனிட். உங்கள் மீட்டரில் வேறு எண் இருக்கலாம், பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஒரே ஒரு பழைய சீலிங் ஃபேனை முழு வேகத்தில் வைத்தால் பதினைந்து நொடிக்கு ஒரு முறை நிதானமாக மின்னும். கரன்ட் குறைவாகத் தின்கிற மோட்டார் வைத்த புது பிஎல்டிசி ஃபேனைப் போட்டால் அடுத்த மின்னலுக்குள் கொட்டாவி வந்துவிடும், முப்பத்தைந்து நொடிக்கு மேல் ஆகிறது. கீசரைப் போட்டால் நொடிக்கு இரண்டு தடவை என்று படபடக்கும். என் பையனைக் கூட்டிக்கொண்டு போய் இதை நிற்கவைத்துக் காட்டினேன். அதுவரை நான் சொன்ன எந்த வார்த்தைக்கும் இல்லாத பலன் அந்தச் சிவப்பு விளக்குக்கு இருந்தது.

அந்த ஃபேன் கணக்கைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். பழையது 75 வாட். புதியது 30 வாட் பக்கம். கூடத்தில் அத்தை இருப்பதால் அந்த ஃபேன் ஒரு நாளைக்குப் பதினாறு மணி நேரமாவது சுற்றும். வித்தியாசம் 45 வாட், இரண்டு மாதத்துக்கு நாற்பது யூனிட்டுக்கு மேல் மிச்சம். விலை மூவாயிரம் ரூபாய் வாக்கில். பில் 500-ஐ ஒட்டி ஓடுகிற வீட்டில் போட்ட காசு இரண்டு வருஷத்தில் திரும்பிவிடும். அதற்காக நான்கு ஃபேனையும் ஒரே நாளில் மாற்றக் கிளம்பாதீர்கள். எங்கள் விருந்தினர் அறை ஃபேன் தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான் சுற்றுகிறது. அது பழசாகவே இருக்கட்டும். ரெகுலேட்டர் எங்கே, ரிமோட்டெல்லாம் எனக்கு எதற்கு என்று அத்தை கொஞ்ச நாள் முணுமுணுத்தார். இப்போது ரிமோட் அவர் தலையணைக்கு அடியில் இருக்கிறது, எங்களுக்குத்தான் கிடைப்பதில்லை.

கீசர் 2000 வாட். தினம் அரை மணி நேரம் என்றால் ஒரு யூனிட், பில்லுக்கு அறுபது. திருச்சியில் சித்திரை மாதம் குழாயைத் திறந்தாலே வெந்நீர்தான் கொட்டுகிறது; அப்போதும் கீசர் ஸ்விட்சைத் தட்டுகிறவர்களை என்ன செய்வது? பங்குனி பிறந்ததும் அந்த ஸ்விட்சின் மேல் டேப் ஒட்டிவிடுவேன். ஐப்பசி மழை பிடித்த பிறகுதான் பிரிப்பது.

ஏசி எங்கள் படுக்கையறையில் ஒன்று உண்டு. டெம்பரேச்சரை ஒரு டிகிரி கூட்டினால் சுமார் ஆறு சதவீதம் மின்சாரம் மிச்சம் என்று எரிசக்தி திறன் செயலகம் சொல்கிறது. 26-ல் வைத்து, ஃபேனையும் மெதுவாகச் சுற்றவிட்டால் போதும். அதைவிடப் பலன் தந்தது மொட்டைமாடி. வெயில் ஏறும் முன் சுண்ணாம்பில் பெவிகால் கலந்து இரண்டு கோட் அடிக்கிறோம். நடு மத்தியானம் வெறுங்காலோடு துணி எடுக்கப் போக முடிகிறது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ராத்திரி மேல்தளம் அனல் கக்குவது குறைகிறது, ஏசியும் சீக்கிரம் கட் ஆகிறது.

சமையலறையில் புதிதாக ஒன்றும் செய்யவில்லை. அத்தை எப்போதும் செய்துவந்ததுதான். பருப்பை முன்னதாக ஊறவைப்பது, குக்கரில் அடியில் பருப்பு, நடுவில் சாதம், மேல் தட்டில் காய் என்று அடுக்குவது, விசில் வந்ததும் தணலைக் குறைத்துவிடுவது. அரிசி களைந்த இரண்டாம் தண்ணீரில்தான் புளி ஊறும். பீர்க்கங்காய் வாங்கினால் சதை கூட்டுக்கு, தோல் துவையலுக்கு. முற்றிப் போனால் காயவைத்துப் பாத்திரம் தேய்க்க நார். சிலிண்டர் என்னவோ முன்பைவிட ஒரு வாரம், பத்து நாள் கூடுதலாக வருகிறது.

பணமே மிச்சமாகாத பழக்கமும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். காய்கறிக் கழிவை மக்கவைக்கிற தொட்டி அப்படித்தான். தொட்டி, தேங்காய் நார்க்கழிவு, நாற்று, செம்மண் என்று செலவைக் கூட்டினால் அதில் விளைந்த கத்தரிக்காய் கடைக் கத்தரிக்காயைவிட விலை அதிகம். குப்பை வண்டி வராத நாளில் வீடு நாறாமல் இருக்கிறது, அதற்காக வைத்திருக்கிறேன். துணிப்பையும் அதே கதை. பத்து ரூபாய் போட்டு மிஷினில் மஞ்சப்பை எடுக்கலாம்தான், ஆனால் பீரோவைத் திறந்தால் ஊரில் நடந்த கல்யாணத்துத் தாம்பூலப் பையெல்லாம் மேலே விழுகிறது.

மாடியில் சோலார் போடலாம் என்பது என் வீட்டுக்காரரின் ஆசை. மூன்று கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் என்பது நல்ல தொகைதான். ஆனால் அது ஒரு நாளைக்குப் பன்னிரண்டு யூனிட் தரும், இரண்டு மாதத்துக்கு எழுநூறுக்கு மேல். நாங்கள் ஓட்டுவதே 500-க்குள், கட்டுவது ஆயிரத்து எழுநூறு, எண்ணூறு. மானியம் போக நம் கைக்காசு திரும்பிவர எத்தனை வருஷம் ஆகும் என்று கேட்டால் காகிதத்தை மடித்து வைத்துவிடுகிறார். எதிர் வீட்டில் மூன்று ஏசி, பில் ஆயிரம் யூனிட்டைத் தாண்டுகிறது. அவர்கள் நாளைக்கே போட வேண்டும். எங்களுக்கு அடுத்த செலவு ஃப்ரிட்ஜ்தான். பழசின் கதவு ரப்பர் போய்விட்டது, மோட்டார் ஓய்வதே இல்லை. கடையில் எத்தனை ஸ்டார் என்றுதான் எடுத்துச் சொல்வார்கள். ஸ்டார் அளவுகோலை அவ்வப்போது இறுக்குகிறார்கள், அதனால் முன்பு ஐந்தாக இருந்தது இப்போது நான்காக இருக்கலாம். லேபிளில் வருஷத்துக்கு எத்தனை யூனிட் என்றும் போட்டிருக்கும். அந்த எண்ணை ஆறால் வகுத்தால் ஒரு பில்லுக்கு எவ்வளவு என்று தெரிந்துவிடும்.