துகாயா: வீட்டுக்கு வீடு பட்டறை

மராவி நகரிலிருந்து துகாயாவுக்குப் போகும் சாலை லானாவ் ஏரியை ஒட்டியே வளைந்து போகிறது. பிலிப்பைன்ஸின் மிண்டனாவ் தீவில் இதைவிடப் பெரிய ஏரி கிடையாது. கரையெங்கும் வாழ்பவர்கள் மரனாவ் மக்கள். மோரோ என்று பொதுவாக அழைக்கப்படும் தென் பிலிப்பைன்ஸ் முஸ்லிம் சமூகங்களில் ஒன்று இது. வழிநெடுக மசூதிகள். லுங்கி போல மூட்டிய மலோங் துணியை ஆணும் பெண்ணும் உடுத்துகிறார்கள்.

துகாயா சின்ன ஊர், சத்தமில்லாத ஊர். ஆனால் எந்த வீட்டுப் பக்கம் ஒதுங்கினாலும் யாராவது ஏதாவது செய்துகொண்டிருக்கிறார்கள். நான் வெகுநேரம் நின்றது ஒரு பித்தளைப் பட்டறையில். பெரியவர் ஒருவர் தேன்மெழுகை நூலாக உருட்டி, மெழுகுக் குடத்தின் மேல் சுருள் சுருளாக ஒட்டிக்கொண்டிருந்தார். எதிரில் வரைபடம் எதுவும் இல்லை; விரலே அளவு. இதன்மேல் களிமண் பூசிச் சுடுவார்கள். மெழுகு உருகி ஓடிய இடத்தில் பித்தளைக் குழம்பை ஊற்றுவார்கள். சுவாமிமலை ஸ்தபதிகள் கையாளும் அதே மெழுகு வார்ப்பு! வெற்றிலைப் பெட்டியும் இங்கே வார்க்கிறார்கள். பாக்குக்கும் சுண்ணாம்புக்கும் தனித்தனி அறை வைத்து.

பக்கத்தில் மரவேலை. பாவோர் எனப்படும் பெட்டகத்தில் சிப்பியைப் பதித்து ஓகிர் வேலைப்பாடு செய்கிறார்கள். கொடியும் நாகமும் ஒன்றுக்குள் ஒன்று பின்னி, எங்கே தொடங்கி எங்கே முடிகிறதென்று கண்டுபிடிக்க முடியாது. பெண்கள் சிறு தறியில் லங்கித் நெய்கிறார்கள். மலோங்கின் துண்டுகளை இணைக்கும் ஒடுங்கிய பட்டை அது. எனக்கு மலோங்கைவிட அந்தப் பட்டைதான் அழகாகப் பட்டது.

மதியம் மஞ்சள் சோறு, ஏரி மீன், பலாபா. பலாபா என்பது சகுராப் என்ற வெங்காயத்தாளோடு இஞ்சியும் மிளகாயும் இடித்த கலவை; சுளீரென்று ஏறுகிறது.

2006-லேயே யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய இடங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இடம்பிடித்த ஊர் இது. ஆனால் 2017 போரில் மராவியின் பழைய சந்தைப் பகுதி தரைமட்டமானபோது, இந்தக் கைவினைஞர்களின் பொருட்கள் விலைபோன இடமும் போய்விட்டது. அதனால் போகிறவர்கள் கையில் கொஞ்சம் பணத்தோடு போங்கள், செய்தவரிடமே வாங்குங்கள். உள்ளூர்க்காரர் ஒருவர் துணை அவசியம். கிளம்புமுன் பாதுகாப்பு நிலவரத்தையும் விசாரித்துக்கொள்ளுங்கள். தோளும் காலும் மூடிய உடை வேண்டும், படம் எடுக்குமுன் கேட்டுக்கொள்ள வேண்டும். பித்தளைக் குடம் நல்ல கனம். விமானத்தில் வருபவர்களுக்கு லங்கித்தான் வசதி.