நுழைவுச்சீட்டை ஆன்லைனில் விற்றோம்: ஆர்டர் 171, ஆட்கள் 248

திருச்சியில் ஒருநாள் பயிலரங்கு. அரங்கில் 260 நாற்காலி. பேச்சாளர், தன்னார்வலர் என்று 20 போக, விற்பனைக்கு 240. கட்டணம் 600 ரூபாய், முன்பதிவுச் சலுகை 500, மாணவர்களுக்கு 300. கூகுள் படிவம், ஜிபே ஸ்கிரீன்ஷாட், வாட்ஸ்அப்பில் "பணம் வந்ததா?" என்ற பழைய முறையை விட்டுவிட்டு, இந்த முறை நிகழ்வு மேலாண்மைத் தளம் ஒன்றில் பதிவு நடத்தினோம். பக்கம் உருவாக்குவது, படம் ஏற்றுவது, நிகழ்ச்சி நிரல் போடுவது எல்லாம் அரை மணி நேரத்தில் முடிந்தன. சிக்கல் வந்ததெல்லாம் டாஷ்போர்டில் (நடத்துபவருக்கான கட்டுப்பாட்டுப் பக்கம்) உள்ள சொற்களால்தான். பார்த்தால் ஒரே பொருள் தருவது போல இருக்கும். தளத்துக்கு அவை வேறு வேறு. அடுத்து நடத்தப்போகிறவர்கள் அதே இடத்தில் மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறோம்.

முதல் அடி கேஒய்சி என்ற அடையாளச் சரிபார்ப்பில். கணக்கு தொடங்கும்போது 'தனிநபர்' என்ற வகைதான் ஏற்கெனவே தேர்வாகி நிற்கிறது. நாங்கள் பதிவு பெற்ற சங்கம். அந்தப் பெட்டியைக் கவனிக்காமல் சங்கத்தின் பான் எண்ணைப் போட்டோம். இரண்டு நாள் கழித்து 'நிராகரிக்கப்பட்டது' என்று ஒரு வரி வந்தது. காரணம் இல்லை. உதவி மையத்துக்கு எழுதினால் "தெளிவான ஆவணத்தை மீண்டும் ஏற்றவும்" என்ற அச்சடித்த பதில். அதே பான் அட்டையை மூன்று முறை ஸ்கேன் செய்து ஏற்றினோம். ஸ்கேன் தெளிவாகவே இருந்தது. விஷயம் பான் எண்ணின் நான்காவது எழுத்தில் இருந்தது. தனிநபருக்கு அது 'பி' (P), நிறுவனத்துக்கு 'சி' (C), அறக்கட்டளைக்கு 'டி' (T), எங்களைப் போன்ற கூட்டமைப்புக்கு 'ஏ' (A). கணக்கு வகையும் அந்த எழுத்தும் ஒத்துப்போகாவிட்டால் மென்பொருளே திருப்பி அனுப்பிவிடும். அதை ஒரு மனிதர் சொல்லியிருந்தால் ஆறு நாள் மிச்சமாகியிருக்கும்.

வகையை மாற்றியதும் அடுத்தது பெயர். தளம் வங்கிக் கணக்குக்கு ஒரு ரூபாய் அனுப்பி, கணக்கில் உள்ள பெயரை எடுத்து பான் பெயரோடு ஒப்பிடுகிறது. எங்கள் பாஸ்புக்கில் பெயர் சுருக்கமாக, பானில் முழுமையாக. மறுபடி நிராகரிப்பு. பதிவுச் சான்றிதழ், துணைவிதி, கையொப்பமிடும் அதிகாரம் யாருக்கு என்று சொல்லும் செயற்குழுத் தீர்மானம், வங்கியிலிருந்து பெயர் குறித்த கடிதம் ஆகிய நான்கையும் சேர்த்துக் கொடுத்த பிறகே ஒப்புதல் வந்தது. தீர்மான நகலில் முத்திரை இல்லை என்று அதற்கும் ஒருமுறை அலைச்சல். ஆகவே சுவரொட்டி அடிக்கும் முன்பே கேஒய்சி-யை முடியுங்கள். சில தளங்கள் கேஒய்சி முடியாமலேயே விற்பனையைத் தொடங்க விடும். பணத்தை வெளியே எடுக்கத்தான் விடாது.

இனி சீட்டு. 'டிக்கெட் எண்ணிக்கை' வேறு, 'நிகழ்வின் கொள்ளளவு' வேறு. முன்பதிவுச் சலுகைக்கு 80, மாணவருக்கு 60, பொதுவுக்கு 240 என்று போட்டோம். மொத்தம் 240-ஐத் தாண்டாது என்ற நினைப்பு. தளம் அப்படி நினைக்கவில்லை. நிகழ்வின் கொள்ளளவு என்ற பெட்டி காலியாக இருந்ததால், மூன்றையும் கூட்டி 380 வரை விற்கத் தயாராக இருந்தது. சலுகையில் 80, மாணவர் 52, பொது 116 என 248 ஆனபோதுதான் கண்ணில் பட்டு விற்பனையை நிறுத்தினோம். பிறகு 11 பேர் ரத்து செய்ததால் தப்பித்தோம். கொள்ளளவுப் பெட்டி அமைப்புகளின் கடைசிப் பகுதியில் ஒளிந்திருக்கும், தேடி நிரப்புங்கள். இலவசச் சீட்டுகளும் அந்தக் கணக்கில் சேருமா என்பதையும் பாருங்கள். எங்கள் தளத்தில் சேரும்.

தலைப்பில் உள்ள எண்களுக்கு வருகிறேன். 'ஆர்டர்' என்பது ஒருவர் ஒருமுறை பணம் கட்டியது. 'பங்கேற்பாளர்' என்பது ஒவ்வொரு சீட்டுக்கும் உரிய ஆள். ஒருவர் ஐந்து சீட்டு வாங்கினால் ஆர்டர் ஒன்று, பங்கேற்பாளர் ஐந்து. பதிவுப் படிவத்தில் கேள்விகளை 'வாங்குபவரிடம் மட்டும்' கேட்பதா, 'ஒவ்வொரு பங்கேற்பாளரிடமும்' கேட்பதா என்று ஒரு தேர்வு உண்டு; முதலாவதுதான் இயல்பு நிலை. நாங்கள் மாற்றவில்லை. விளைவு, 248 பேருக்கு 171 பெயர்தான் கையில் இருந்தது. மீதி 77 பேர் யார், சைவமா அசைவமா, எதுவும் தெரியாது. வாங்கியவர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் போட்டு இரண்டு மாலைகள் போயின. விற்பனை தொடங்கிய பிறகு இந்தத் தேர்வை மாற்றலாம், ஆனால் ஏற்கெனவே விற்ற சீட்டுகளுக்கு அது பொருந்தாது. முதல் சீட்டு விற்கும் முன் செய்ய வேண்டிய வேலை இது.

பெயர்ப் பெட்டி தனித் தலைவலி. முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டும் கட்டாயம். நம்மிடம் இருப்பது தலைப்பெழுத்தும் பெயரும். சிலர் தலைப்பெழுத்தை முதல் பெட்டியில் போட்டார்கள், சிலர் கடைசிப் பெட்டியில், சிலர் அப்பா பெயரை, சிலர் வெறும் புள்ளியை. அடையாள அட்டை வார்ப்புருவில் முதல் பெயர் பெரிதாக வரும். அச்சிட்டு வந்ததைப் பார்த்தால் நாற்பதுக்கும் மேற்பட்ட அட்டைகளில் நடுவில் கொட்டை எழுத்தில் 'எஸ்', 'ஆர்', 'கே'. அதன் கீழே எறும்பு அளவில் ஆளின் பெயர். அத்தனையையும் மறுபடி அடித்தோம். கடைசிப் பெயரைக் கட்டாயம் இல்லை என்று மாற்றிவிட்டு, 'அட்டையில் எப்படி வர வேண்டும்?' என்று ஒரு தனிக் கேள்வி வைத்தால் போதும். அட்டைக்கு அந்த விடையை எடுங்கள்.

தமிழில் பெயர் கொடுத்தவர்களின் சீட்டு பிடிஎஃப்-இல் கொம்பும் காலும் இடம் மாறி வந்தது; சிலருக்கு வெறும் கட்டங்கள். தளத்தின் பிடிஎஃப் உருவாக்கி தமிழ் எழுத்துச் சேர்க்கையைச் சரியாகக் கையாளவில்லை. அதற்கு நம் பக்கம் மருந்து இல்லை. அட்டைகளை நாமே தனியாக அச்சிடுவதுதான் வழி. அதற்குப் பட்டியலை சிஎஸ்வி என்ற கோப்பு வடிவில் இறக்கி எக்செலில் இரட்டைக் கிளிக் செய்தால் தமிழ் முழுக்கக் குப்பையாகத் தெரியும், கைப்பேசி எண்கள் 9.19E+11 என்று சுருங்கிவிடும். அப்படியே சேமித்துவிட்டால் எண்கள் போனது போனதுதான். காலி எக்செல் கோப்பைத் திறந்து, 'டேட்டா' தாவலில் 'ஃப்ரம் டெக்ஸ்ட்/சிஎஸ்வி' வழியாக இறக்கி, 'ஃபைல் ஆரிஜின்' பெட்டியில் 65001 யூடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுத்து, கைப்பேசி எண் நெடுவரிசையை 'டெக்ஸ்ட்' ஆக்குங்கள். கூகுள் ஷீட்ஸில் திறந்தால் தமிழ் தானாகவே சரியாக வரும்.

நேரத்தில் இரண்டு பொறிகள். தளத்தின் நேர மண்டலம் இந்திய நேரத்தில் இல்லாமல் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் இருந்தது. காலை 10 மணி என்று போட்டோம். பக்கத்தில் 10 என்றே தெரிந்தது. ஆனால் பங்கேற்பாளர் தன் நாட்காட்டியில் சேர்த்ததும் 5 மணி 30 நிமிடம் கூடி மாலை 3.30 ஆகிவிட்டது. ஒருவர் கேட்டதால்தான் தெரிந்தது. மற்றது, சலுகை '15-ஆம் தேதி 12:00 ஏஎம்' வரை என்று வைத்தது. அது 15-ஆம் தேதி தொடங்கும் நொடி. அன்று முழுவதும் சலுகை உண்டு என்று சுவரொட்டியில் அடித்திருந்ததால் நிறையப் பேர் கோபப்பட்டார்கள், நியாயமான கோபம். 11:59 பிஎம் என்று போடுங்கள்.

கூப்பனில் 'பயன்பாட்டு வரம்பு 50' என்பது சீட்டுக்கா ஆர்டருக்கா என்று பாருங்கள். எங்கள் தளத்தில் ஆர்டருக்கு. ஓர் ஆர்டரில் 10 சீட்டு வரை எடுக்கலாம் என்றால், 50 பயன்பாடு 500 சீட்டு வரை போகும்.

பணம் கட்டும் பக்கத்தில் சீட்டை 10 நிமிடம் பிடித்து வைக்கிறது. யுபிஐ-இல் பணம் போய், உறுதி வருவதற்குள் அந்த 10 நிமிடம் தாண்டினால் ஆர்டர் 'நிலுவை' என்றே நிற்கும், சீட்டு வராது. பதறிப்போய் இரண்டாவது முறை கட்டியவர்கள் உண்டு. அவர்களிடம் ஸ்கிரீன்ஷாட் கேட்காதீர்கள். 12 இலக்க யுடிஆர் எண்ணை (அந்தப் பணப் பரிமாற்றத்தின் அடையாள எண்) கேளுங்கள். அதைக் கொண்டுதான் தளம் தேடித் தரும்.

கட்டணக் கணக்கு இப்படி: 600 ரூபாய்ச் சீட்டுக்குத் தளத்துக்கு 3 சதவீதம் 18 ரூபாய், பணப் பரிமாற்றத்துக்கு 2 சதவீதம் 12 ரூபாய், இரண்டின் மீதும் 18 சதவீத ஜிஎஸ்டி 5.40. ஆக 35.40 போய் 564.60 கைக்கு வரும். இதை வாங்குபவர் தலையில் வைக்கவும் தேர்வு உண்டு. வைத்துப் பார்த்தோம், கடைசிப் பக்கத்தில் தொகை கூடியதைக் கண்டு பாதியில் போனவர்கள் அதிகம். மூன்றாம் நாளே நாங்களே ஏற்றுக்கொள்வதாக மாற்றினோம்.

'ரத்து' வேறு, 'பணம் திருப்பல்' வேறு. ஆர்டரை ரத்து செய்தால் சீட்டு செல்லாததாகும், பணம் நகராது. திருப்பலைத் தனியாக அழுத்த வேண்டும். தெரியாமல் முதல் நான்கு பேருக்கு ரத்து மட்டும் செய்துவிட்டு, பத்து நாள் கழித்து அவர்கள் கேட்டபோதுதான் விழித்தோம். முழுத் தொகையும் திருப்பினால் தளம் தன் கட்டணத்தை விட்டுத்தராது. 600 ரூபாய்ச் சீட்டு பதினொன்றைத் திருப்பியதில் 389.40 எங்கள் கைநஷ்டம். திருப்பும் விதியை முன்பே பக்கத்தில் எழுதி வைத்தால் கட்டணத்தைக் கழித்துக்கொள்ளலாம்.

நுழைவாயில். ஓர் ஆர்டரின் ஐந்து சீட்டும் ஐந்து பக்கம் கொண்ட ஒரே பிடிஎஃப்-ஆக வருகிறது. வாங்கியவர் அதை அப்படியே வாட்ஸ்அப்பில் நண்பர்களுக்குத் தள்ளிவிடுவார். எல்லோரும் முதல் பக்கத்தையே காட்டுவார்கள். ஸ்கேன் செய்தால் முதல் ஆளுக்குப் பச்சை, இரண்டாம் ஆளுக்குச் சிவப்பு: 'ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டது'. அவர் முகம் சுருங்கிப்போகும், பின்னால் வரிசை நிற்கும். ஸ்கேன் செய்யும் பிள்ளைகளுக்கு ஒன்று மட்டும் சொல்லிக் கொடுத்தோம்: சிவப்பு வந்தால் "பக்கத்தைத் தள்ளுங்க அண்ணா" என்று கேட்க வேண்டும். அதன் பிறகு வரிசை தேங்கவில்லை. ஒரு சீட்டுக்கு ஐந்து நொடி; பெயரைத் தேடிப் பிடிக்க நேர்ந்தால் 40 நொடி.

அரங்கு வாசலில் சிக்னல் இல்லை. தளத்தின் ஸ்கேன் செயலி ஆஃப்லைனிலும் வேலை செய்யும், ஆனால் இரண்டு கைப்பேசிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளாது. ஒரே சீட்டுக்கு இரண்டு வாசலிலும் பச்சை விழும். ஆகவே மாணவர் சீட்டு ஒரு வாசல், மற்றவை ஒரு வாசல் என்று பிரித்தோம். முந்தைய இரவே பட்டியலைச் செயலியில் இறக்கி, பெயர் வரிசையில் ஒரு தாள் பிரதியும் எடுத்து வைத்தோம். தன்னார்வலர்களுக்கு 'செக்-இன்' அனுமதி மட்டும் கொடுங்கள். உரிமையாளர் கணக்கைக் கொடுத்தால் ஓடிபி யாருடைய கைப்பேசிக்கு வருகிறது என்று தேடும் நிலை வரும், திருப்பல் பொத்தானும் அவர்கள் கையில் இருக்கும்.

பணம் நிகழ்வு முடிந்து ஐந்தாவது வேலைநாளில் வந்தது. 'விற்பனை' என்று டாஷ்போர்டு காட்டும் தொகை உங்கள் வங்கியில் இல்லை என்பதை மறக்க வேண்டாம். அரங்கு முன்பணமும் சாப்பாட்டு முன்பணமும் வேறு இடத்திலிருந்துதான் வர வேண்டும். எங்கள் விற்பனை 1,25,200. திருப்பல் 6,600, கட்டணமும் ஜிஎஸ்டியும் 7,386.80, முழு விற்பனை மீது 0.1 சதவீத டிடிஎஸ் (தளமே பிடித்துக் கட்டும் வருமான வரி) 125.20 கழிந்து, 1,11,088 ரூபாய் ஒரே வரவாக விழுந்தது. அந்த டிடிஎஸ் 2024 அக்டோபர் 1-க்கு முன் 1 சதவீதமாக இருந்தது. பிடித்தது வருமான வரித் துறையில் சங்கத்தின் வரிக் கணக்கில் ஏறியிருக்கிறதா என்று பொருளாளர் சரிபார்த்துவிட வேண்டும். கழிவுகளின் ஆர்டர் வாரியான விவரம் 'பேஅவுட்' (வங்கிக்கு வந்த பணம்) அறிக்கையில்தான் இருக்கிறது, விற்பனை அறிக்கையில் இல்லை. தணிக்கைக்கு 'பேஅவுட்' அறிக்கையைக் கொடுங்கள்.

அடுத்த ஆண்டுக்கு இந்தப் பக்கத்தை 'டூப்ளிகேட்' (நகல்) செய்து வைத்திருக்கிறோம். செய்தவுடன் மூன்றைப் பார்த்தோம்: பழைய கூப்பன்கள் உயிரோடு வந்திருந்தன, சலுகையின் முடிவுத் தேதி பழைய தேதியாகவே இருந்தது, கொள்ளளவுப் பெட்டி மறுபடி காலி. முதலில் அதில் 240 என்று போட்டுவிட்டுத்தான் மற்றதைத் தொட்டோம்.