கரண்ட் போகும் மலையூரில் ஒரு கர்னல் கம்பைல்

கோத்தகிரிப் பக்கம் ஐப்பசி, கார்த்திகை வந்துவிட்டால் கரண்ட் எப்போது போகும், எப்போது வரும் என்று யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. கூடலூர்ப் பக்கத்துக்குத் தென்மேற்குப் பருவமழை என்றால், எங்கள் கிழக்குச் சரிவுக்கு வடகிழக்கு மழைதான் பெரிய மழை. ஒரு சில்வர் ஓக் கிளையோ கற்பூர மரமோ கம்பிமேல் சாய்ந்தால் போதும். மழை விட்டு, மரத்தை அறுத்து, கம்பியை இழுத்துக் கட்டும்வரை இருட்டுதான். 1932-லேயே பைக்காராவில் நீர்மின் நிலையம் வந்த மாவட்டம் இது. மின்சாரம் இங்கேயே பிறக்கிறது. அது வீடு வந்து சேரும் வழியெல்லாம் மரமும் சரிவும்.

என் மாமா சிறு விவசாயிகளிடம் பச்சைத் தேயிலை வாங்கி ஃபேக்டரிக்கு லோடு அனுப்புகிறவர். சாக்குச் சாக்காக எடை போட்டு, மழை நாளில் ஈரத்துக்குக் கழித்து, யார் எத்தனை கிலோ போட்டார் என்று மடிக்கணினியில் ஏற்றுவார். டிஜிட்டல் தராசிலிருந்து யுஎஸ்பி சீரியல் ஒயர் வழியாக எடை நேராகத் திரையில் வந்து விழும். பதிவுக்கு நடுவில் மெஷின் அணைந்தால் வரிசையில் நிற்கிறவர்களின் எடையெல்லாம் சந்தேகத்துக்கு இடமாகிவிடும். மாதக் கடைசியில் அவர்கள் கைக்கு வரும் பணம் அந்த எண்களை நம்பித்தான் இருக்கிறது. இந்த வேலையை நான் நிதானமாகச் செய்ததற்குக் காரணம் அதுதான்.

மெஷின், கோவையில் செகண்ட் ஹேண்டாக வாங்கிய திங்க்பேட் எக்ஸ்230. மூன்றாம் தலைமுறை ஐ5, எட்டு ஜிபி ரேம். முன்பு வைத்திருந்தவர் அதில் ஜென்டூ என்ற லினக்ஸ் வகையைப் போட்டு, வன்பொருளுக்கும் மென்பொருளுக்கும் நடுவில் நிற்கும் மையப்பகுதியான கர்னலையும் தானே மூலநிரலிலிருந்து கம்பைல் செய்திருந்தார். ஆபீஸ் மேசையில் எந்நேரமும் சார்ஜரிலேயே இருந்த மெஷின் என்பதால் தனக்கு வேண்டாததையெல்லாம் எடுத்துவிட்டிருந்தார். அவர் தேவைக்கு அது சரி. பூட் ஆகும் வேகமே அருமை. ஆனால் பேட்டரி சதவீதம் தெரியாது. மூடியைச் சாத்தினால் திரை எரிந்துகொண்டே இருக்கும். தூங்க வைக்கும் பட்டனே மெனுவில் கிடையாது.

மாமா கேட்டது இவ்வளவுதான்: “மாப்ள, மூடுனா தூங்கணும், தெறந்தா எந்திரிக்கணும். கரண்ட் போனா எவ்வளவு நேரம் தாங்கும்னு அதுவே சொல்லணும். வேற எதுவும் நான் கேக்கல.”

ஜென்டூவிலேயே தயார் கர்னல் உண்டு. அதைப் போட்டாலே பாதி வேலை முடிந்துவிடும். அவசரம் என்கிறவர்களுக்கு அதைத்தான் சொல்வேன். எனக்கு எந்த வசதி எதன்மேல் நிற்கிறது என்று தெரிந்தாக வேண்டியிருந்தது. நான் ஊரில் இல்லாத நாளில் மாமா போனில் கூப்பிட்டால், எங்கே கை வைக்கச் சொல்வது என்று தெரிய வேண்டுமே.

ஓடிக்கொண்டிருக்கும் கர்னலின் கட்டமைப்பு /ப்ராக் அடைவிலேயே கான்ஃபிக் என்ற சுருக்கிய கோப்பாகக் கிடைத்தது. அப்படிக் கிடைக்கவும் கம்பைல் செய்யும்போதே ஒரு ஆப்ஷனைப் போட்டிருக்க வேண்டும். முன்னவர் போட்டிருந்தது என் நல்ல நேரம். திறந்து பார்த்தால் சஸ்பெண்ட் (தூக்கம்), ஹைபர்னேஷன் (ரேமில் உள்ளதை டிஸ்க்கில் எழுதிவிட்டு அணைவது), ஏசிபிஐ பேட்டரி, ஏசிபிஐ பட்டன் எல்லாவற்றுக்கும் எதிரே ‘நாட் செட்’.

ஏசிபிஐ என்பது 1996-இல் இன்டெல், மைக்ரோசாஃப்ட், டோஷிபா மூன்றும் சேர்ந்து கொண்டுவந்த விதிமுறை. மெஷினில் பேட்டரி எது, மூடி சாத்தினால் யாரிடம் சொல்வது, எந்தச் சூட்டில் என்ன செய்வது என்பதையெல்லாம் பயாஸ் அட்டவணைகளாகக் கர்னலிடம் ஒப்படைக்கிறது. முடிவெடுப்பது ஆபரேட்டிங் சிஸ்டம். ஆகவே கர்னலில் அதைப் படிக்கும் டிரைவர் இல்லையென்றால், பேட்டரி நல்ல நிலையில் இருந்தாலும் மேலே உள்ள எந்த மென்பொருளுக்கும் அது கண்ணில் படாது. டெஸ்க்டாப் தீமையும் ஆப்லெட்டையும் எத்தனை முறை மாற்றினாலும் சதவீதம் வராததற்கு இதுதான் காரணம்.

கர்னல் 6.6 மூலக்கோப்பு நூறு எம்பிக்கு மேல். மொபைல் டேட்டாவில் இரவில் இறக்கி வைத்துக்கொண்டேன். கம்பைல் நடுவில் கரண்ட் போனால் பேட்டரி எவ்வளவு மிச்சம் என்று பழைய கர்னலில் தெரியாது என்பதால், பென்டிரைவிலிருந்து, நிறுவாமலே ஓடும் லைவ் லினக்ஸை பூட் செய்து, அதற்குள்ளிருந்து சிஎச்ரூட் என்ற கட்டளை வழியாக மெஷினில் இருக்கும் ஜென்டூவுக்குள் நுழைந்து வேலை செய்தேன். லைவ் கர்னலில் பேட்டரி டிரைவர் இருப்பதால் சதவீதம் கண்ணெதிரே இருக்கும். குறைந்தால் கன்ட்ரோல் சி அழுத்தி நிறுத்திவிடலாம். கரண்ட் வந்ததும் மறுபடி மேக் (கம்பைலை ஓட்டும் கட்டளை) கொடுத்தால் முடித்த கோப்புகளை விட்டுவிட்டு மிச்சத்தைத் தொடரும்.

லைவ் லினக்ஸால் இன்னொரு பெரிய லாபமும் உண்டு. அதன் கர்னல் எல்லா வன்பொருளையும் அடையாளம் கண்டு தேவையான மாட்யூல்களை (வேண்டும்போது ஏற்றும் டிரைவர் துண்டுகளை) ஏற்றி வைத்திருக்கும். அந்தப் பட்டியலை எல்எஸ்மாட் கட்டளையால் ஒரு கோப்பில் எடுத்து, லைவ் கர்னலின் கான்ஃபிக்கையும் நகல் எடுத்துக்கொண்டு, மேக் லோக்கல்மாட்கான்ஃபிக் ஓட்டினால் இந்த மெஷினுக்கு வேண்டியது மட்டும் மிஞ்சும். பட்டியல் எடுப்பதற்கு முன் இனி எப்போதாவது செருகப் போகிற எல்லாவற்றையும் செருகிவிட வேண்டும். தராசு ஒயர், ரசீது பிரிண்டர், டெதரிங் போட்ட போன், எஸ்டி கார்டு எல்லாம். அந்த நேரத்தில் ஏறாத மாட்யூலை அது கழித்துவிடும். தராசு ஒயருக்குள் இருப்பது சிஎச்340 சிப், அதற்கான டிரைவரின் பெயர் சிஎச்341. அதைச் செருகாமல் விட்டிருந்தால் புதுக் கர்னலில் தராசே பேசியிருக்காது.

அடுத்தது மெனுகான்ஃபிக், கர்னல் ஆப்ஷன்களை மெனுவாகக் காட்டும் கருவி. அதில் ஒய் என்றால் கர்னலுக்குள்ளேயே, எம் என்றால் தனி மாட்யூலாக. ‘பவர் மேனேஜ்மென்ட் அண்ட் ஏசிபிஐ ஆப்ஷன்ஸ்’ என்ற பகுதியில் சஸ்பெண்ட், ஹைபர்னேஷன் இரண்டையும் ஒய் என்று உறுதி செய்துகொண்டேன். அதற்குள்ளேயே ஏசிபிஐ: ஏசி அடாப்டர், பேட்டரி, பட்டன், ஃபேன், ப்ராசசர், தெர்மல் ஸோன். மூடி சாத்துவதைக் கவனிப்பது பட்டன் டிரைவர்தான். பெயரைப் பார்த்துப் பவர் பட்டனுக்கு மட்டும் என்று விட்டுவிடக் கூடாது.

இங்கே ஒரு விஷயத்தை நிறுத்திச் சொல்ல வேண்டும். திங்க்பேடுக்கென்று ‘திங்க்பேட் ஏசிபிஐ லேப்டாப் எக்ஸ்ட்ராஸ்’ என்று தனி டிரைவர் உண்டு. ஃபேன் வேகம், சிறப்பு விசைகள், பேட்டரியை எத்தனை சதவீதத்தில் நிறுத்துவது எல்லாம் அதன் கையில். முன்னவரின் பழைய கான்ஃபிக்கைத் திறந்து எக்ஸ்86 பிளாட்ஃபார்ம் டிரைவர்கள் பகுதியில் தேடினால் அந்த வரியே இல்லை. மெனுவில் சாய்கோட்டை அழுத்திப் பெயரைத் தேடினால், அது எதையெல்லாம் சார்ந்திருக்கிறது என்று ஒரு பட்டியல் வரும். அதில் ஏசிபிஐ பேட்டரி இருந்தது. பேட்டரியை அணைத்தால் திங்க்பேட் டிரைவர் மெனுவிலிருந்தே மறைந்துவிடும். மெனுவில் ஒன்று காணவில்லை என்றால் அது கர்னலில் இல்லை என்று பொருளில்லை, அதற்குக் கீழே நிற்கும் ஏதோ ஒன்று அணைந்திருக்கிறது. சாய்கோட்டுத் தேடலைப் பழகியபின் எனக்கு மெனுகான்ஃபிக் மேல் இருந்த பயமே போய்விட்டது.

ப்ராசசர் வேகத்துக்கு இன்டெல் பி-ஸ்டேட், சும்மா இருக்கும்போது ஆழ்நிலைக்குப் போக இன்டெல் ஐடில். வேகம் எவ்வளவு என்று முடிவு செய்யும் கவர்னராக ஸ்கெட்யூட்டில். இந்தத் தலைமுறை சிப்பில் வன்பொருளே வேகத்தை முடிவு செய்யும் வசதி இல்லாததால், 5.7-க்குப் பிந்தைய கர்னல்களில் பி-ஸ்டேட் தானாகவே பாசிவ் முறையில் ஓடி ஸ்கெட்யூட்டிலிடம் முடிவை விடும். அதில் நான் கை வைக்கவில்லை. வைஃபை டிரைவரை எம் என்று மாட்யூலாகவே விட்டேன். அதை ஒய் என்று கர்னலுக்குள் வைத்தால், டிஸ்க் மவுன்ட் ஆகும் முன்பே ஃபர்ம்வேர் கோப்பைத் தேடி, கிடைக்காமல் வைஃபை வராமல் போகும். டிஸ்க்குக்கான ஏஹெச்சிஐ டிரைவரும் எக்ஸ்ட்4 கோப்பு முறையும் நேர்மாறு. பூட்டின் தொடக்கத்தில் டிரைவர்களைத் தரும் தற்காலிகக் கோப்பு முறையான இன்ட்ராம்எஃப்எஸ் இல்லாமல் பூட் ஆக அவை உள்ளேயே இருக்க வேண்டும்.

நான்கு இழைகளில் கம்பைல் ஓடும்போது ஃபேன் சத்தம் கொட்டகை முழுக்கக் கேட்டது. ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரத்தில் காற்று மெலிது, அதே சுற்றுக்கு ஃபேன் தள்ளும் காற்றும் குறைவு. மலைக்குளிர் அதை ஈடுகட்டிவிடுவதால் சூடு எல்லை தாண்டவில்லை.

புதுக் கர்னலில் பேட்டரி சதவீதம் முதல் பூட்டிலேயே வந்தது. மாமா அதைப் பார்த்து, “இது போதும்ப்பா, இனி மழை வந்தா பரவால்ல” என்றார். தூக்கம்தான் மிச்சம்.

தூக்கத்தைச் சோதிக்க நேராக மூடியைச் சாத்திப் பார்ப்பதைவிட நல்ல வழி கர்னலிலேயே இருக்கிறது. பவர் மேனேஜ்மென்ட் டீபக் ஆப்ஷனைப் போட்டால் /சிஸ்/பவர் அடைவில் பிஎம்_டெஸ்ட் என்று ஒரு கோப்பு வரும். ஃப்ரீசர், டிவைசஸ், பிளாட்ஃபார்ம், ப்ராசசர்ஸ், கோர் என்று ஐந்து படிகள். எந்தப் படியை எழுதுகிறோமோ அதுவரை இறங்கி, ஐந்து விநாடி நின்று, திரும்பி வரும். எந்தப் படியில் தொங்குகிறதோ அங்கேதான் கோளாறு. டிவைசஸில் தொங்கினால் ஏதோ ஒரு டிரைவர், மாட்யூல்களை ஒவ்வொன்றாக இறக்கிப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம்.

என் மெஷினில் ஐந்து படியும் சுத்தமாகத் தேறின. உண்மையில் தூங்கப் போட்டால் மட்டும் விளக்கு அணைந்த வேகத்திலேயே திரும்ப எழுந்துகொண்டது. இந்த முரண்பாட்டில்தான் விடை இருந்தது. பிஎம்_டெஸ்ட் மெஷினை நிஜமாகத் தூங்க வைப்பதில்லை, ஆகவே தூங்குகிறதை யாராவது தட்டி எழுப்புகிறார்களா என்பது அதில் தெரியாது. டிரைவர்கள் எல்லாம் சரி என்றால் பார்க்க வேண்டியது எழுப்பும் ஆட்களை.

/ப்ராக்/ஏசிபிஐ/வேக்அப் என்ற கோப்பில் அந்தப் பட்டியல் இருக்கிறது. மூடி, ஸ்லீப் பட்டன், ஈதர்நெட், யுஎஸ்பி கன்ட்ரோலர்கள் என்று வரிசையாக, எதிரே எனேபிள்ட் அல்லது டிசேபிள்ட். எக்ஸ்எச்சிஐ என்ற யுஎஸ்பி 3 கன்ட்ரோலர் எனேபிள்டாக இருந்தது. அந்தப் போர்ட்டில்தான் தராசு ஒயர் செருகிய ஹப். எக்ஸ்எச்சிஐ பெயரை அதே கோப்பில் எழுதினால் டிசேபிள்ட் ஆகும், இன்னொரு முறை எழுதினால் திரும்ப எனேபிள்ட் ஆகிவிடும். ஆகவே ஸ்டார்ட்அப் ஸ்கிரிப்டில் போடும்போது இப்போதைய நிலையைப் படித்துப் பார்த்து, தேவைப்பட்டால் மட்டும் எழுதுகிற மாதிரி அமைத்தேன். ரீபூட் ஆனால் பழைய நிலைக்கே போய்விடும் என்பதால் ஸ்கிரிப்ட் கட்டாயம். மூடியை மட்டும் தொடவில்லை, தெறந்தா எந்திரிக்கணுமே.

எழுந்தபின் தராசு எடை வராதது அடுத்த சிக்கல். தூங்கி எழும்போது யுஎஸ்பி போர்ட்டில் மின்சாரம் விட்டுப் போனால் கர்னல் ஒயரைப் புதிதாகச் செருகியதாக எடுத்துக்கொள்ளலாம். பழைய பெயரை நிரல் இன்னும் பிடித்துக்கொண்டிருந்தால் யுஎஸ்பி0 என்றிருந்தது யுஎஸ்பி1 ஆகிவிடும். /டெவ்/சீரியல்/பை-ஐடி அடைவில் எண் மாறினாலும் மாறாத ஒரு பெயர் இருக்கும். எடை பதியும் பைதான் நிரலை அந்தப் பெயரில் திறக்கச் சொல்லி, பிழை வந்தால் மூடி மறுபடி திறக்கும்படி மாற்றினேன். மின் செலவைக் கணிக்கும் பவர்டாப் கருவி தரும் சிக்கன யோசனைகளில் தராசு ஒயருக்கான ஆட்டோசஸ்பெண்டை (சும்மா இருந்தால் தூங்க வைப்பதை) மட்டும் ஒதுக்கிவிட்டேன். அந்த ஒயர் நாள் முழுக்க விழித்திருக்கட்டும். மற்றவற்றை ஏற்றுக்கொண்டு திரை வெளிச்சத்தையும் குறைத்தபின், சும்மா இருக்கும்போது பேட்டரி செலவு பத்து வாட்டுக்குக் கீழே வந்தது.

சாப்பாட்டு நேரத்துக்குத் தூக்கம் போதும். இரவுக்கு ஹைபர்னேட்தான் சரி. தூக்கத்தில் ரேமுக்கு மின்சாரம் போய்க்கொண்டே இருக்கும், ஹைபர்னேட்டில் ரேமில் உள்ளதை டிஸ்க்கில் இருக்கும் ஸ்வாப்பில் எழுதிவிட்டு முழுக்க அணைந்துவிடும். ஸ்வாப் பார்ட்டிஷனை எட்டு ஜிபி ஆக்கி, கர்னலை ஏற்றும் கிரப்பில், எங்கிருந்து எழுவது என்று சொல்லும் ரெஸ்யூம் அளவுருவைச் சேர்த்தேன். இன்ட்ராம்எஃப்எஸ் இல்லாத கர்னலுக்கு அங்கே யுயுஐடி என்ற அடையாள எண் புரியாது, பார்ட்டிஷனின் அடையாள எண்ணான பார்ட்யுயுஐடி கொடுக்க வேண்டும். ஒரு எச்சரிக்கை: ஹைபர்னேட்டில் இருக்கும் மெஷினை லைவ் பென்டிரைவில் பூட் செய்து டிஸ்க்கை மவுன்ட் செய்யவே கூடாது. திரும்ப எழும்போது கர்னல் நினைத்துக்கொண்டிருக்கும் டிஸ்க் வேறு, நிஜத்தில் இருப்பது வேறு என்றாகி டேட்டா நாசமாகும். மாமாவிடம் இதைச் சொல்லி, பென்டிரைவை என்னிடமே வைத்துக்கொண்டேன்.

பேட்டரி சார்ஜ் வரம்பை வெயில் காலத்தில் எண்பது சதவீதத்தில் நிறுத்தியிருக்கிறேன், லித்தியம் பேட்டரி முழுச் சார்ஜிலேயே கிடந்தால் சீக்கிரம் மூப்படையும். ஐப்பசி பிறந்தால் நூறாக்கிவிடுவேன். மழைக்காலத்தில் கடைசி இருபது சதவீதம்தான் வரிசையில் நிற்கும் கடைசி ஆளின் எடையைக் காப்பாற்றும். மார்கழி, தைக் குளிரில் பழைய பேட்டரி கடைசிச் சதவீதங்களில் சடாரென்று விழும் என்பதால் பேட்டரியைக் கவனிக்கும் யுபவரில் தானாக ஹைபர்னேட் ஆகும் அளவைப் பத்து சதவீதமாக உயர்த்தி வைத்திருக்கிறேன்.

கான்ஃபிக் கோப்பு பென்டிரைவிலும் என் போனிலும் இருக்கிறது. அடுத்த கர்னலுக்குப் போகும்போது அதை நகலெடுத்து ஓல்ட்டெஃப்கான்ஃபிக் ஓட்டினால் புது ஆப்ஷன்களுக்கெல்லாம் அது தானே பதில் போட்டுவிடும். நான் ஓல்ட்கான்ஃபிக் ஓட்டுவேன். ஒவ்வொரு புதுக் கேள்வியையும் கேட்டுவிட்டுத்தான் நகரும். ஏசிபிஐ, யுஎஸ்பி சம்பந்தப்பட்ட கேள்விகளில் ஹெல்ப்பைப் படித்துப் பதில் சொல்லிவிட்டு, மற்றவற்றுக்கு என்டரைத் தட்டிக்கொண்டே போகலாம். பழைய கர்னலைக் கிரப் மெனுவில் அப்படியே விட்டுவைத்திருக்கிறேன். புதியது ஒரு மழைக்காலத்தைத் தாண்டும்வரை அது அங்கேயே இருக்கும்.